கஞ்சாவை ‘அனுமதிப்பது’ என்றால் எதை அனுமதிப்பது?

அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. அக்கா மகனுக்குச் சிங்கப்பூர் இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை முடியப்போகிறது. அடுத்து டொராண்டோவில் படிப்பு. சாப்பாட்டுக்கு நடுவே கேட்டான்: “சித்தி, கனடாவுல கஞ்சாவைக் கடையில வச்சு விக்கிறாங்க. இங்க அதே பொருளுக்குத் தூக்கு. ரெண்டுல ஒண்ணு தப்பாத்தானே இருக்கணும்?” அக்கா முகம் மாறிவிட்டது. “சோத்துல கை வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?” என்று ஒரே அதட்டு. பையன் வாயை மூடிக்கொண்டான்.

அவன் கேட்டதில் தவறே இல்லை. நம் வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. மீதியைப் பிள்ளைகள் கைப்பேசியில் தெரிந்துகொள்கிறார்கள். சாப்பாடு முடிந்து அவனோடு தனியாக உட்கார்ந்து பேசியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்தே வருகிறேன்.

கஞ்சா, மரிஜுவானா, கென்னபிஸ், வீட் எல்லாம் ஒரே செடியின் பெயர்கள். கஞ்சா என்ற சொல் இந்திய மொழிகளிலிருந்து மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் போயிருக்கிறது. சிங்கப்பூரில் எந்த இனத்தவரிடம் சொன்னாலும் விளக்கம் தேவைப்படாது. அந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தன்மையுள்ள வேதிப்பொருள்கள் இருக்கின்றன. இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். போதை தருவது டி.எச்.சி. போதை தராமல், சில வகை வலிப்பு நோய்க்கு மருந்தாகவும் பயன்படுவது சி.பி.டி. டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை 1964ல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெஷூலமும் அவருடைய சகாவும். 1992ல் அவருடைய ஆய்வுக்குழு இன்னொன்றையும் கண்டுபிடித்தது. நம் மூளையே இதே வேலையைச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது! அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். நமக்குத் தெரிந்த அதே ஆனந்தம்தான், வடமொழியிலிருந்து எடுத்தது. பசி, வலி, நினைவாற்றல், பயம் எல்லாவற்றிலும் இந்தப் பொருளுக்குப் பங்கு உண்டு. உடம்பு துளித்துளியாகச் சுரந்து உடனுக்குடன் கரைத்துவிடும் அந்தப் பொருளின் இடத்தில் டி.எச்.சி. மணிக்கணக்கில் உட்கார்ந்துகொள்கிறது. போதை அங்கிருந்துதான் வருகிறது. இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழு வளர்ச்சி அடையும் மூளைக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து என்பதும் இதிலிருந்து புரியும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் தாத்தா காலத்துக் கதைகளில் வரும் கஞ்சா வேறு, இன்று வெளிநாட்டுக் கடையில் கிடைப்பது வேறு. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995ல் டி.எச்.சி. சராசரியாக 4 விழுக்காடு. 2014ல் அது ஏறக்குறைய 12 விழுக்காடு. இன்று அங்கே கடைகளில் 20 விழுக்காட்டைத் தாண்டியவை சாதாரணம். செடியிலிருந்து பிழிந்தெடுத்த சாறு வகைகளில் இன்னும் பல மடங்கு. கள்ளையும் சாராயத்தையும் ஒரே பெயரில் அழைத்தால் எவ்வளவு குழப்பம் வருமோ, அவ்வளவு குழப்பம் இந்த விவாதத்தில் இருக்கிறது.

சரி, ‘சட்டபூர்வம்’ என்ற சொல்லுக்கு வருவோம். விளக்குச் சுவிட்சைப் போடுவதுபோல, ஒரு பக்கம் தடை, மறுபக்கம் அனுமதி என்று நினைக்கிறோம். நடைமுறையில் இந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கைந்து ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன.

மருத்துவத்துக்கு மட்டும் அனுமதிப்பது ஒன்று. வேறு மருந்துக்கு அடங்காத சில வகைக் குழந்தைப் பருவ வலிப்புக்கு, சுத்திகரித்த சி.பி.டி. அடங்கிய எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் அங்கீகரித்தது. பலர் அறியாதது: சிங்கப்பூரிலும், வேறு வழியில்லாத நோயாளிக்காக மருத்துவர் விண்ணப்பித்தால், சுகாதார அறிவியல் ஆணையம் பரிசீலித்து இத்தகைய மருந்தை அனுமதிக்க வழி இருக்கிறது, விரல்விட்டு எண்ணும் சிலருக்கு அப்படிக் கிடைத்தும் இருக்கிறது. ஆகவே ‘சிங்கப்பூர் மருந்தைக்கூட மறுக்கிறது’ என்பது சரியில்லை. ‘மருந்தாக இருக்கிறதே, அப்புறம் புகைத்தால் என்ன’ என்பதும் சரியில்லை. அபினியிலிருந்து வரும் மார்ஃபினை மருத்துவமனையில் கொடுக்கிறார்கள். அதற்காக அபினிக் கடை திறப்பதில்லை.

இன்னொன்று, தண்டனையைத் தளர்த்துவது. பொருள் சட்டவிரோதமாகவே இருக்கும். ஆனால் கொஞ்சம் வைத்திருந்தவரைச் சிறைக்கு அனுப்பமாட்டார்கள். போர்ச்சுகல் 2001ல் எல்லாப் போதைப்பொருளுக்கும் இப்படிச் செய்தது. பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவு என்றால், நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆலோசனைக் குழுவின் முன் போய் உட்கார வேண்டும். நெதர்லாந்தில் கஞ்சா விற்கும் காஃபி ஷாப்களும் ஏறக்குறைய இந்த வகையே. 1976 முதல் அங்கே சட்டம் தடுக்கிறது, அரசு கண்டுகொள்வதில்லை. அதில் ஒரு விசித்திரமும் உண்டு. கடையின் முன்வாசலில் வாடிக்கையாளருக்கு விற்பதைப் பொறுத்துக்கொண்டார்கள். பின்வாசல் வழியாகக் கடைக்காரர் சரக்கு வாங்குவது குற்றமாகவே இருந்தது. விற்கலாம், ஆனால் எங்கிருந்தும் வாங்கக்கூடாது! அந்தப் பின்வாசல் பல ஆண்டுகள் குற்றக் கும்பல்கள் கையில் இருந்தது.

ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் வேறொரு வழியில் போகிறது. பெரியவர்கள் வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். வெளியே 25 கிராம், வீட்டில் 50 கிராம் வரை வைத்திருக்கலாம். உறுப்பினர் சங்கம் அமைத்துச் சேர்ந்து பயிரிடலாம். கடை கிடையாது. 2013ல் உலகிலேயே முதல் நாடாகச் சட்டம் இயற்றிய உருகுவேயில் அரசே விலை வைக்கிறது. பெயரைப் பதிவு செய்த குடியிருப்பாளர்கள் மருந்துக்கடையில் வாங்குகிறார்கள். சுற்றுலாப் பயணிக்குக் கிடையாது.

வெளிப்படையான வியாபாரம் கடைசி வகை. அமெரிக்காவின் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்கள் 2012ல் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்தன. கொலராடோவில் 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. கனடா முழுவதும் 2018 அக்டோபர் 17. இந்த இரண்டுக்குள்ளும் வேறுபாடு பெரிது. கனடாவில் பொட்டலம் பளபளப்பாக இருக்கக்கூடாது, குழந்தை எளிதில் திறக்க முடியாத மூடி வேண்டும், தின்பண்டமாக விற்றால் ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் கூடாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மிட்டாய், குளிர்பானம், விளம்பரம் என்று சந்தை விரிந்துவிட்டது.

நமக்கு மிக அருகில் நடந்தது தாய்லாந்து; அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2018 கடைசியில் மருத்துவத்துக்கு அனுமதித்த அந்த நாடு, 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தது. யார் விற்கலாம், எவ்வளவு வீரியம், எத்தனை வயது, எந்த இடம் என்று சொல்லும் முழுமையான சட்டம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் அது இழுபட்டு நின்றுபோனது. பழைய கதவைக் கழற்றியாகிவிட்டது, புதிய கதவை இன்னும் வைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. பாங்காக்கின் காவ்சான் சாலைப் பக்கம் பச்சை இலைப் படம் போட்ட பலகைகளை நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று அரசு திரும்பக் கட்டுப்படுத்தியது. இடையில் கடன் வாங்கிப் பயிரிட்ட விவசாயியும் கடை போட்டவரும் நடுத்தெருவில் நின்றார்கள். அதனால்தான், “தாய்லாந்தில் அனுமதித்தார்கள், பார், என்ன ஆயிற்று” என்று யாராவது சொன்னால், அனுமதித்தது மட்டுமே காரணமா, ஏற்பாடே இல்லாமல் அனுமதித்தது காரணமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அனுமதிக்க வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சா பயன்படுத்தியபோதும், வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.6 மடங்கு அதிகம் என்று அங்குள்ள குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) 2020ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஒரு சின்னப் பொட்டலத்துக்காக வேலை, வீடு, கல்விக் கடன் எல்லாம் பறிபோனவர்கள் லட்சக்கணக்கில். அங்கே சட்டத்தை மாற்றச் சொன்ன குரலுக்குப் பின்னால் இந்தக் காயம் இருக்கிறது. தடை இருந்தாலும் வாங்குபவர் வாங்கத்தான் செய்கிறார், அந்தப் பணம் கும்பல்களுக்குப் போவதைவிடப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்பது இன்னொரு வாதம். கொலராடோவில் கஞ்சா வரியில் ஒரு பகுதி பள்ளிக் கட்டடங்களுக்கே போகிறது.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி நம் முன்னோர்களைப் பற்றியே கேட்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 1893ல் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழுவை அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894ல் ஏழு தொகுதிகளில் அறிக்கை கொடுத்தார்கள். மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, மிஞ்சினால் கேடு, முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்பது முடிவு. இன்றைக்கும் அனுமதி கேட்பவர்கள் அந்த அறிக்கையை எடுத்துக் காட்டுவதுண்டு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவைத் தடை செய்தபோதும் இலையை விட்டுவிட்டது. வட மாநிலங்கள் சிலவற்றில் அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்க அரசு உரிமம் பெற்ற கடைகள் இன்றும் இருப்பது அதனால்தான்.

எதிர்ப்பவர்களின் பக்கம் எடை கூடியது மருத்துவ ஆய்வுகளால். தினமும் வீரியமான கஞ்சா பயன்படுத்துபவருக்கு, தொடாதவரோடு ஒப்பிட்டால், மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019ல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடந்த ஆய்வு சொன்னது. எல்லோருக்கும் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே மனநோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் கஞ்சாவை நாடுகிறார்களா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் குடும்பத்தில் அப்படியொரு நோய் இருந்தால், நான் எந்தப் பிள்ளையையும் அந்தப் பக்கம் போகவிடமாட்டேன். ‘கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டார்கள்’ என்று பையன்கள் சொல்வதும் தவறு. பயன்படுத்துபவர்களில் சுமார் 9 விழுக்காட்டினர் அடிமையாகிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். இங்கே மனநலக் கழகம் நடத்திய ஆய்வில், போதைப்பொருளைத் தொட்டவர்கள் முதன்முதலில் தொட்ட சராசரி வயது 15.9. உயர்நிலைப் பள்ளிச் சீருடை வயது.

அனுமதித்த இடங்களில் என்னதான் நடந்தது? பயந்த எல்லாமும் நடக்கவில்லை, நம்பிய எல்லாமும் நடக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடையே பழக்கம் வெடித்துப் பரவும் என்று பயந்தார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் அது தெளிவாகத் தெரியவில்லை. கைதுகள் வெகுவாகக் குறைந்தன. கள்ளச்சந்தை ஒழியும் என்றார்கள். கனடாவில் நன்றாகச் சுருங்கியது, கலிஃபோர்னியாவில் இன்னும் பெரிதாக இருக்கிறது. எதிர்பாராத இடத்தில் அடி விழுந்தது: மிட்டாய் என்று நினைத்துத் தின்றுவிட்ட சின்னக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது இரண்டு நாடுகளிலும் கூடியது. எனக்கு மிகவும் உறுத்தும் கணக்கு இன்னொன்று. 2022ல் அமெரிக்காவில் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா பயன்படுத்தியவர்கள் 1.77 கோடிப் பேர்; அதே அளவுக்குத் தினமும் குடித்தவர்கள் 1.47 கோடிப் பேர். தினசரிக் கஞ்சா தினசரிக் குடியை முந்தியது அதுவே முதல்முறை.

வியாபாரம் என்று வந்துவிட்டால், எப்போதாவது வாங்குபவரை நம்பிக் கடை ஓடாது. தினமும் வருபவரால்தான் ஓடும். தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. மலாயாத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. வாரக்கூலி எங்கே போனது என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் கையில். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மூடுவதாகப் பேச்சு வருகிறது, முழுதாக மூட முடியவில்லை. அந்த வருமானத்தை நம்பி அவ்வளவு நடக்கிறது. தனியார் விற்றாலும் அரசு விற்றாலும், போதையில் வருமானம் பார்க்கத் தொடங்கியவர் கையைப் பின்னே இழுப்பது கடினம். கஞ்சாக் கடை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், டி.எச்.சி. இரண்டாவது.

இனி நம் ஊர். 1970களில் ஹெராயின் பரவியபோது பயந்த நாடு இது. 1977ல் ஆபரேஷன் ஃபெரட் என்ற பெயரில் பெரிய தேடுதல் வேட்டையே நடந்தது. தங்க முக்கோணம் என்னும் உற்பத்திப் பகுதி பக்கத்தில் இருக்கிறது, நாடு சிறியது, ஒரு தலைமுறை போனால் மீட்க முடியாது என்பது அரசின் பார்வை. கஞ்சா உட்கொண்டால் அல்லது சிறிதளவு வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 15 கிராமுக்கு மேல் கையிலிருந்தால் கடத்துவதற்கே வைத்திருந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பொறுப்பு. கடத்தியது 500 கிராமுக்கு மேல் என்றால் மரண தண்டனை. 2013 முதல், வெறும் கொண்டுசெல்பவராக மட்டும் இருந்தவர்களில், அதிகாரிகளுக்குக் கணிசமாக உதவியதாகச் சான்று பெற்றவருக்கும், மனநலக் குறைபாடு உள்ளவருக்கும் ஆயுள் தண்டனைக்கு வழி உண்டு. இன்னொரு பக்கம், 2019 மாற்றங்களுக்குப் பிறகு, வேறு குற்றம் எதுவும் இல்லாமல் உட்கொண்டதை ஒப்புக்கொள்பவரை வழக்கு இல்லாமல் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். தண்டனையைத் தளர்த்துவது என்று மேலே சொன்னேனே, அதன் ஒரு சாயல் இங்கேயும் இருக்கிறது. ஆனால் பூட்டிய கதவுக்குள்.

இங்கே ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். கஞ்சாக் கடை திறக்கலாமா என்பது ஒரு கேள்வி. கஞ்சா கடத்தியவரைத் தூக்கிலிடலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான், தூக்கு வேண்டாம் என்றவரைக் கஞ்சாக்காரர் என்கிறார்கள். கடை வேண்டாம் என்றவரை ஈவிரக்கமற்றவர் என்கிறார்கள். 1990ல் கட்டாய மரண தண்டனை வந்த பிறகு, 500 கிராம் எல்லையைத் தாண்டிக் கடத்தும் வாய்ப்பு 15 முதல் 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்ததாக உள்துறை அமைச்சு சொல்கிறது. எல்லைக்குக் கீழே எடை குறைத்துக் கொண்டுவந்தார்கள் என்பதையும் அந்தக் கணக்கு காட்டுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. போதைப்பொருள் குற்றங்கள் ‘மிகக் கடுமையான குற்றங்கள்’ என்ற வரையறைக்குள் வராது என்பது ஐக்கிய நாட்டு மனித உரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. 2023 ஏப்ரலில், 1,017.9 கிராம் கஞ்சா கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட 46 வயதுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். போதைப்பொருள் வழக்குகளில் மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிட இந்தியர்களின் பங்கு அதிகம். ஆகவே இது நம் வீட்டுக்கு வெளியே நடக்கும் விவாதம் இல்லை. என் நிலையை மறைக்க விரும்பவில்லை: கடை வேண்டாம் என்பவள் நான். கட்டாயத் தூக்கும் வேண்டாம் என்பவள். இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் சொல்லலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன், “சரி சித்தி, நான் நாலு வருஷம் டொராண்டோவுலதானே இருப்பேன். அங்க அது சட்டப்படி சரிதானே?” என்றான். கனடாவின் சட்டப்படி சரி. ஆனால் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே நம் சட்டம் எடுத்துக்கொள்ளும். விடுமுறைக்குச் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது சிறுநீர்ச் சோதனைக்கு அழைத்தால் போக வேண்டும். விமானம் ஏறி ஒரு வாரமானாலும் அடிக்கடி பயன்படுத்தியவரின் சிறுநீரில் அது தெரியும். முடியில் அதைவிட நெடுநாள் இருக்கும்.

“யாராவது பார்ட்டியில பிரவுனி குடுத்தா?”

கேட்டுவிட்டுத் தின்னச் சொன்னேன். தின்பண்டத்தில் கலந்திருந்தால் ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒன்றுமே ஆகவில்லையே என்று இன்னொரு துண்டு எடுப்பவர்கள்தான் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள்.

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. அக்கா ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார்.

“அந்த பிரவுனியில வாசனை தெரியுமாடீ?” என்று கேட்டார்.

“எல்லா நேரமும் தெரியாதுக்கா” என்றேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.